கொம்பு இடம்பெயர்தல்

ரெஜைனாவில் அன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
எஞ்சின் உறையாமலிருக்கக் காரைச் சுவரோடு
வயர் போட்டுக் கட்டியிருந்தேன்.
அடுப்படி மேசையில்
இரத்தினேஸ்வரி அக்காவின் சத்தியக் கடதாசி:
இடப்பக்கம் அவ சொன்ன தமிழ்,
வலப்பக்கம் என் ஆங்கிலம்.
பதினேழாம் பந்தியில்
"அதன் பிறகு நாங்கள் மீண்டும்"
என்று தட்டினேன்.
அடுத்த சொல் ஏறவில்லை.

மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து நின்றது.
சந்தா முடிந்தது.
நீங்கள் வாசிக்கலாம், திருத்த முடியாது.

ஏழு வருஷம் கட்டியிருக்கிறேன்.
வேலை வராத மாதமும் கட்டினேன்,
காய்ச்சலில் கிடந்த மாதமும் கட்டினேன்.
வாடகை பிந்தினால் வீட்டுக்காரன்
கதவைத்தான் தட்டுவான்.
பாதி வசனத்தில் வந்து
வாயைப் பொத்த மாட்டான்.

குளிர்பெட்டிக்குள் தலையை விட்டபடி ஆரணன் சொன்னான்:
"அம்மா, என்ர சிநேகிதனிட்ட உடைச்ச பிரதி இருக்கு.
ரெண்டு நிமிஷம் காணும்."
மேசையில் என் வட்ட முத்திரை,
மூடாத நீல மை.
சத்தியக் கடதாசியைக்
களவெடுத்த பேனையால் எழுதுகிறதா?
"ஆர் பாக்கப்போகினம்?"
ஒருத்தரும் பார்க்கமாட்டினம்தான்.
பிறகேன் நான் ஒவ்வொரு பக்கத்திலும்
கையெழுத்து வைக்கிறன்?

பெருமூச்சு விட்டான்.
"அப்ப காசில்லாதது ஒண்டு இறக்குவம்."

கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள் தமிழில்.
கட்டவும் தேவையில்லை,
கட்டியும் வைக்காது.
ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது,
பகலில் பள்ளிக்கூட உணவறையிலும்
இரவில் இந்த மேசையிலும்
நான் பார்ப்பதுபோல.

திறந்தேன்.
ஆங்கிலம் குலையாமல் நின்றது.
தமிழ் சிதறியிருந்தது.
வரி முடிகிற இடங்களில்
கொம்பு இந்தக் கரையில்,
எழுத்து அந்தக் கரையில்.
"எங்கள் கொட்டில் எரிந்தது" என்று அக்கா சொன்னது
கொம்பு கழன்று
"எங்கள் காட்டில் எரிந்தது" என்று நின்றது.
குடிவரவு அதிகாரிக்குத் தமிழ் தெரியாது.
அக்காவுக்குத் தெரியும்.

விடியும்வரை கையால் சேர்த்தேன்,
நாற்பத்து மூன்று இடம்.
பதினேழாம் பந்திக்கு வந்து
விட்ட சொல்லைத் தட்டினேன்:
இடம்பெயர்ந்தோம்.
வரி அதிலேயே முடிந்தது.
கொம்பு மேலே தங்கிவிட்டது,
மற்றது கீழே விழுந்தது.
சிரித்துவிட்டேன்,
ஆரணன் எழும்பிவிடுவான் என்று
வாயைப் பொத்திக்கொண்டு.

பிழை கண்டால் அறிவியுங்கள் என்று
ஒரு மூலையில் எழுதியிருந்தார்கள்.
அக்காவின் வசனத்தை உதாரணத்துக்கு அனுப்பமுடியாது.
மரக்கறிப் பட்டியல் ஒன்றை அனுப்பினேன்:
கொத்தமல்லி, வெங்காயம்,
வெண்டிக்காய், பொன்னாங்காணி.
எங்கே உடைகிறது என்று
சிவப்பில் வட்டம் போட்டு.
அனுப்பிவிட்டு மறந்தும் போனேன்.

சித்திரை நடுவில்
ஏரிப் பனி கறுத்து வெடித்த கிழமை
புதிய பதிப்பு வந்தது.
மாற்றங்களின் நீண்ட பட்டியலில் ஒரு வரி.
ஆங்கிலம்தான்.
பழக்கதோஷத்தில் மொழிபெயர்த்தேன்:
தமிழ், வரி முடிவில் கொம்பு இடம்பெயர்தல்,
சரிசெய்யப்பட்டது.
அந்த ஆங்கிலச் சொல்லுக்கு
என் கைக்கு வரும் தமிழ் அது ஒன்றுதான்.

செய்தவரின் பெயர்
என் வாய்க்குள் நுழையவில்லை.
எந்த நாடோ, என்ன நேரமோ,
கொத்தமல்லி என்றால் என்னவென்று தெரியாமலே
அதை உற்றுப் பார்த்திருக்கிறார்.
கட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.
பழைய சந்தாவில் இரண்டு மாதக் காசை
அனுப்பிவிட்டேன்.

மஞ்சள் பட்டைக்காரர்
இன்னும் மின்னஞ்சல் போடுகிறார்கள்,
நீங்கள் இல்லாமல் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று.

அக்காவின் விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை.
பழைய கோப்பைத் திறந்து
பதினேழாம் பந்திக்கு இறங்கினேன்.
இடம்பெயர்ந்தோம்,
ஒரே வரியில்,
கொம்பும் எழுத்துமாய்.
பதினெட்டில் ஒரு திகதி பிழை என்று
அக்கா சொல்லியிருந்தா.
திருத்தினேன்.